பவளத்துக்கு ஆகும் பசை

ஜூன் 13, 2004
காலையில் மீன் தொட்டி விளக்கைப் போட்டால், தோல் பவளம் கல்லை விட்டுக் கழன்று மணலில் குப்புறக் கிடக்கிறது. போன மாதம்தான் டெஸ்மண்டின் வளர்ப்பு மீன் கடையில் வாங்கினேன். விரிந்தால் பெரிய காளான் மாதிரி இருக்கும். இப்போது பழைய ரப்பர் துண்டு போலச் சுருங்கிவிட்டது. ஒட்ட வேண்டும். எதை வைத்து ஒட்டுவது? வேலை பார்த்த காலமெல்லாம் ஃபேக்டரி டூல்ரூமில் இரும்போடு இரும்பைச் சேர்த்தவன் நான். உயிரைக் கல்லோடு சேர்க்கத் தெரியவில்லை.

ஜூன் 15
குழாய் ஒழுகலுக்கு வாங்கிய எப்பாக்ஸிப் பசை வீட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு அல்சூரில் அவன் கடைக்குப் போனேன். டெஸ்மண்ட் அட்டையைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா மேன் ஆம்ப்ரோஸ், இதுல இரும்புத் தூள் கலந்திருக்கு. தொட்டில ஒரு இறாலு மிஞ்சாது."

பாத்ரூம் சிலிக்கானும் கூடாதாம். பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் மருந்து சேர்த்திருப்பார்களாம். கடைசியில் ஒரு குட்டி ட்யூப் கொடுத்தான். செருப்புக் கடையில் சட்டென்று ஒட்டுகிற பசையின் ஜாதிதான், ஆனால் கெட்டியான ஜெல். தண்ணீர் பட்டதும் இறுகிவிடும்.

"பவளத்துக்கு ஒன்னும் ஆகாதே? இறாலுக்கு? நத்தைக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "ஆகாது மேன், போ" என்று துரத்திவிட்டான்.

ஜூன் 20
வெளியே சாரல். ஹால் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஒட்டினேன். கண் எரிந்தது. ஆனால் பிடித்துக்கொண்டது! மனைவி மௌரீனைக் கூப்பிட்டேன். சமையலறையை விட்டு வரவே இல்லை. என் தொட்டி என்றால் அவளுக்கு இளக்காரம்.

ஜூன் 24
கழன்றுவிட்டது.

ஜூலை 4
பவளம் கோழை மாதிரி ஒன்றை விட்டுப் பசையைத் தள்ளிவிடுகிறது. அடியைத் துடைத்துவிட்டு, இன்னும் அதிகமாகப் பசை வைத்துப் பார்த்தேன். மௌரீனுக்கு இருமல். இந்த ஊர் மழைக்கு வருடாவருடம் வருவதுதான்.

ஜூலை 18
மறுபடியும். இன்று முழு ட்யூப்பும் காலி. மௌரீன் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். "குளிர்ல ஏன் உட்காந்திருக்க? உள்ள வா" என்று கத்தினேன். "சும்மா காத்தாட உக்காந்திருக்கேங்க" என்றாள். பிடிவாதக்காரி.

ஆகஸ்ட் 8
மௌரீனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். மூச்சு விட முடியவில்லை. ஆட்டோவில் என் சட்டையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

ஆகஸ்ட் 10
ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள். மாதாவுக்கு நன்றி.

டாக்டர் ஃபாத்திமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் பெயின்ட், வார்னிஷ், பசை ஏதாவது புழங்குகிறதா என்று விசாரித்தார். மீன் தொட்டிக்குப் பசை போட்டதைச் சொன்னேன். அவளைச் சேர்த்த அன்று காலையிலும் புது ட்யூப் பிரித்துப் போட்டேன். "ஆனா அது சேஃப் டாக்டர். நல்லா விசாரிச்சுத்தான் வாங்கினேன்."

"யாருக்கு சேஃப்?"

அதன் ஆவி மௌரீனைப் போல ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாதாம். இறாலுக்கு ஆகுமா என்று கேட்டேன். நத்தைக்கு ஆகுமா என்று கேட்டேன். வீட்டில் மூச்சு விடுகிறவளுக்கு ஆகுமா என்று கேட்கத் தோன்றவே இல்லையே — என்ன மனுஷன் நான்?

ஆகஸ்ட் 11
பசைதான் காரணம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது.

ஏன்டி சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ட்யூப்ப தெருவுல வீசியிருப்பேனே. கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஃபேக்டரில வீட்டுக்கு அனுப்பினதும் நீங்க எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்குத் தெரியாது. செவுத்தப் பாத்துட்டே உக்காந்திருப்பீங்க. அந்தத் தொட்டி வந்தப்புறம்தான் என்கூடப் பேசவே ஆரம்பிச்சீங்க. இருமல்தானே, பாத்துக்கலாம்னு இருந்தேன்."

வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

ஆகஸ்ட் 14
வீட்டுக்கு வந்துவிட்டாள். தொட்டியை எடுத்துக்கொண்டு போ என்று டெஸ்மண்டை வரச் சொல்லியிருந்தேன். வந்தவனை மௌரீன் வாசலிலேயே நிறுத்தி, காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். "தொட்டி போனா இவர் மறுபடி செவுத்தப் பாப்பாரு. அதுக்கு ஏது டாக்டரு?"

ஆகஸ்ட் 15
இன்றுதான் அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மணலில் கிடந்த பவளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதத் தைக்கக் கூடாதா?"

எங்கள் ஜோகுபாளையத்தில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்தவள் வேறெப்படிக் கேட்பாள்? சிரிப்பு வந்தது. டெஸ்மண்டுக்குப் போன் போட்டேன். "தைக்கலாம் மேன். தூண்டில் நரம்புல சில பேர் தைக்கிறாங்க. எனக்குத் தோணாமப் போச்சே" என்றான்.

ஆகஸ்ட் 17
ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. உப்புத் தண்ணீர் நிறைத்த பேசினுக்குள் நான் கல்லைப் பிடித்துக்கொள்ள, அவள் கையுறை போட்டுக்கொண்டு தைத்தாள். பவளத்தின் அடிச்சதையில் ஊசியை விட்டு, கல்லைச் சுற்றி நரம்பைக் கொண்டு வந்து முடிந்தாள். நான் இன்னும் இறுக்கச் சொன்னேன். "இறுக்கினா அறுத்துடும். அதுவா பிடிச்சுக்கிற வரைக்கும் நகராம இருந்தாப் போதும்" என்றாள். நான் கல்லை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 8
மாதா திருவிழா. கோயிலுக்குக் கிளம்புமுன் மௌரீன் சின்னக் கத்தரியைத் தொட்டிக்குள் விட்டு நரம்பை வெட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது பவளம் நின்றது. விரலால் லேசாகத் தள்ளினேன். கல்லும் சேர்ந்து அசைந்தது.

ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேண்டுதலுக்குக் கட்டிய காவிப் புடவையில் சிவாஜிநகர் மாதா கோயில் வரை நடந்தாள். நடுவழியில் ஒரு மேட்டில், செருப்பு வாரைச் சரி செய்கிற சாக்கில் நின்றேன். நின்றது எதற்கென்று அவளுக்கா தெரியாது?

"எனக்காக நிக்க வேணாம். மூச்சு நல்லாத்தான் இருக்கு."

"நிஜமாவா?"

"முட்டினா சொல்றேங்க" என்றாள். "இனிமே சொல்லிடுறேன்."