தொலைந்தால் அழைக்க வேண்டிய எண்

அன்புள்ள உனக்கு,

மூன்று நாள் தீவிர ஆலோசனைக்குப் பிறகு, குரங்குக் குல்லா அணிவதென்று முடிவெடுத்தேன். நீ வாங்கிவைத்து, ஒன்பது குளிர்காலமாக நான் தொடாமலிருந்த அதே பழுப்புக் குல்லாதான்.

சங்கராந்திக்குக் கங்காசாகர் போயிருந்தேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் "கடல்தானே, எங்கே ஓடிப்போகிறது?" என்றவன், லேக் மார்க்கெட் வீட்டிலிருந்து தனியாகவே கிளம்பினேன்.

படகுத்துறையில் வயதானவர்களின் கையில் ஒரு பட்டை கட்டி, அதில் வீட்டாரின் போன் எண்ணை எழுதுகிறார்கள். "தாது, நீங்க தொலஞ்சு போனா யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டாள் அங்கிருந்த வங்காளிப் பெண். ஊருக்கே தாத்தாவாகிவிட்டேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உன் எண் ஒன்றுதான்; அதையே சொன்னேன். ஒரு வாரம் என்று சொல்லி நியூ டவுனில் மகன் வீட்டுக்குப் போனவள் நீ. ஏழு மாதமாகியும் எண்ணை மாற்றவில்லை. அந்தப் பெண் சரிபார்க்க அங்கேயே உன்னை அழைப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

"தொலஞ்சிட்டாரான்னு கேக்கறாங்க, தாது."

"இன்னும் இல்லைன்னு சொல்லும்மா."

"குல்லா போட்டிருக்காரான்னு கேக்கறாங்க."

"போட்டிருக்கார்னு சொல்லு."

அதோடு நீ வைத்துவிட்டாய்.

கபில முனி கோயிலில் வரிசை மூன்று மணி நேரம். கடலில் இரண்டு முழுக்குப் போட்டேன், ஒன்று உனக்கு. தண்ணீர் நீ பயந்த அளவுக்குக் குளிரவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: அந்தப் பட்டையைக் கத்தரிக்காமல் கழற்ற முடியாது. வீட்டுக் கத்தரிக்கோல் உன் தையல் பெட்டியோடு நியூ டவுன் போய்விட்டது. பட்டை இன்னும் கையில் இருக்கிறது.