சந்தேகப் பெட்டியில் தேவதர்ஷினி

கீழ்க்கட்டளை
8.9.2025

மதிப்பிற்குரிய சார்,

மாடி ட்யூஷனில் உங்களை 'அப்பா' என்று கூப்பிடக்கூடாது, 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். சந்தேகம் இருந்தால் எழுதிப் பெட்டியில் போட வேண்டும் என்பதும் உங்கள் சட்டம்தான். அதனால் எழுதுகிறேன். கீழே சாப்பிடும்போது இந்தப் பேச்சை எடுத்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுகிறீர்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு ஸ்டாண்டர்டு வினாத்தாளா, பேசிக் வினாத்தாளா என்று வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் சொல்ல வேண்டும். பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான், பேசிக் வினாத்தாள் எளிது, ஆனால் அதை எடுத்தால் பதினொன்றில் கணக்கு எடுக்க முடியாது என்று எல்லாருக்கும் விளக்குவதே நீங்கள்தான். எனக்குப் பதினொன்றில் கணக்கு வேண்டாம். பயாலஜி எடுத்து பிசியோதெரபி படிக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளைத் திட்டித் திட்டியே நடக்க வைத்தாரே ஒரு பிசியோதெரபி அக்கா, அவரைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு ஆசை இல்லை.

என் சந்தேகம்: நான் ஏன் பேசிக் எடுக்கக்கூடாது?

தங்கள் மாணவி,
தேவதர்ஷினி

9.9.2025

தேவதர்ஷினிக்கு,

விடை: கூடாது.

வாசல் பேனரில் என்ன போட்டிருக்கிறது? 'பத்தாம் வகுப்பு கணிதம், ஸ்டாண்டர்டு மட்டும்.' கோவிலம்பாக்கத்திலிருந்து பிள்ளைகள் ஷேர் ஆட்டோ பிடித்து வருவது அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்காகத்தான். தட்சிணாமூர்த்தி சார் பொண்ணே பேசிக்காமே என்று மளிகைக் கடையில் பேசினால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? பயந்து ஓடுகிற பிள்ளையாக உன்னை நான் வளர்க்கவில்லை.

நேற்று பால் குடிக்காமல் படுத்துவிட்டாயாம். அதெல்லாம் வேண்டாம்.

தட்சிணாமூர்த்தி

10.9.2025

சார்,

பால் குடித்துவிட்டேன்.

ரோஸியை நினைவிருக்கிறதா? போன மாதம் பேசிக் எடுக்கப்போவதாக உங்களிடம் வந்து சொன்னாள். "அப்ப உனக்கு இங்க என்னம்மா வேலை?" என்று கேட்டீர்கள். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு போனவள்தான், திரும்பி வரவில்லை. அவளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம் இருக்க முடியாது. நாளையிலிருந்து நானும் மாடிக்கு வரமாட்டேன். இடம் இல்லாமல் விக்கி படியில் உட்கார்ந்து எழுதுகிறான், அவனை என் இடத்தில் உட்கார வையுங்கள்.

பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய தாளை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து வேண்டும்.

தேவதர்ஷினி

11.9.2025

அன்புள்ள தர்ஷினி,

நீ மேலே வராததால் பெட்டியைக் கீழே கொண்டுவந்து உன் மேஜையில் வைத்திருக்கிறேன். மாடியில் பிள்ளைகள் தேடுவார்கள், சீக்கிரம் திருப்பிக் கொடு.

இந்த முறை சந்தேகம் எனக்கு. இந்தப் பெட்டியில் விழுகிற எல்லாச் சீட்டுக்கும் நான்தான் பதில் எழுதுகிறேன். உன் கையெழுத்தில் ஒரு கணக்குச் சந்தேகம்கூட வந்ததில்லை. என் பொண்ணுக்குச் சந்தேகமே வராது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு நிஜமாகவே சந்தேகம் வரவில்லையா, இல்லை கேட்கவில்லையா?

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, கோபத்தோடுதான் போட்டேன்.

அப்பா

12.9.2025

அன்புள்ள அப்பா,

கேட்கவில்லை. விக்கி கேட்டால் அது விக்கியின் சந்தேகம், அவ்வளவுதான். நான் கேட்டால் சார் பொண்ணுக்கே தெரியலையா என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும். நீங்கள் ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும் என்னைப் பார்த்துத்தான் "புரிஞ்சுதா?" என்பீர்கள். நான் தலையாட்டினால்தான் வகுப்பு அடுத்த கணக்குக்குப் போகும். மாடியில் எனக்கு அதுதான் வேலை. புரிந்தாலும் ஆட்டுவேன், புரியாவிட்டாலும் ஆட்டுவேன்.

பேசிக் என்று கொடுத்துவிட்டேன். நல்ல மார்க் வாங்குவேன் அப்பா. ஆனால் அதற்கும் எனக்கு ஒரு சார் வேண்டும். உங்களிடம் இடம் இருக்கிறதா?

தர்ஷினி

15.9.2025

தர்ஷினிக்கு,

நாளை முதல் காலை ஆறு மணிக்குப் பேசிக் வகுப்பு. தூங்கிவிட்டேன் என்றெல்லாம் சொல்லக்கூடாது.

பேனரில் 'மட்டும்' மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. ரோஸி வீட்டுக்கு நானே போய் வந்தேன். அவள் அப்பா துரை முதலில் சரியாக முகம் கொடுக்கவில்லை, பிறகு டீ கொடுத்தார். அவளும் வருகிறாள். மளிகைக் கடைக்காரர் கேட்டேவிட்டார். "ஆமா, என் பொண்ணு பேசிக்தான். உங்க பையனுக்கும் வேணும்னா காலைல அனுப்புங்க" என்றேன். அனுப்புகிறாராம்.

அப்பா

18.9.2025

சார் அப்பாவுக்கு,

சந்தேகம்: கூம்பின் வளைபரப்பு கண்டுபிடிக்க ஆரத்தோடு சாய்வு உயரத்தைத்தான் பெருக்க வேண்டும் என்கிறீர்கள். நேராக அளந்த உயரத்தைப் போட்டால் ஏன் தப்பு? ஒன்பதாம் வகுப்பிலிருந்து எனக்கு இது புரியவே இல்லை. அப்போதிருந்தே தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம். நாளைக் காலை எல்லார் முன்னாலும் கையைத் தூக்கி இதைக் கேட்கப்போகிறேன். நீங்கள் தயாராக வர வேண்டுமே என்றுதான் முன்கூட்டியே சொல்கிறேன்.

தேவதர்ஷினி