கிணற்றடி வைஃபை

அண்ணே,

உங்கள் வீட்டு வைஃபை பெட்டி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. காலையில் உங்கள் வீட்டு ஆச்சி கொண்டுவந்து கொடுத்தார். பல வருஷம் சாமி அலமாரியிலேயே இருந்ததால் அதன் காற்றுத் துளைகளிலெல்லாம் திருநீறு. மூக்கருகே கொண்டுபோனால் சாம்பிராணி வாசனை.

"வெள்ளிக்கிழமை அவுக தெவசத்துக்கு மக வாரா. இம்புட்டு நாளாத் தொறந்தா போட்டு வச்சிருக்கீகன்னு என்னையச் சத்தம் போடுறா. ஒரு பாஸ்வேர்டு போட்டுக் குடுங்க. நீங்கதான் வெவரம் தெரிஞ்சவுக," என்றார்.

இந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போடத் தகுதியே இல்லாத ஆள் காரைக்குடியில் ஒருவன் உண்டென்றால் அவனிடமே வேலை வந்து சேர்ந்தது. இரண்டு நிமிஷ வேலை. பெட்டியைக் கவிழ்த்தேன், நிமிர்த்தினேன், துடைத்தேன். காபி போட்டேன். காபியை ஆறவிட்டு மறுபடி கவிழ்த்தேன். கொல்லைக்கும் வாசலுக்குமாக ஏழெட்டு நடை நடந்தாயிற்று. உட்கார முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருப்பது அந்தக் காலத்துச் சுவர். சத்தமே தாண்டாது, சிக்னல் எங்கே தாண்டும்? உங்கள் கொல்லைக் கதவு திறந்திருந்தால் என் கிணற்றடியில் மட்டும் கிடைக்கும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் என் இணைப்புக் கம்பியை வெட்டிவிட்டுப் போன அன்று அதைக் கண்டுபிடித்தேன். போனில் உங்கள் குடும்ப விலாசம், அந்த இனிஷியல் எழுத்துகளே, வைஃபையின் பெயராக வந்தன. தொட்டேன். யார் நீ என்றுகூடக் கேட்காமல் உள்ளே விட்டது.

ஒரு வாரத்துக்கு என்று நினைத்தேன். மூன்று வருஷம் ஆனது. கம்பியை ஒட்ட வந்தவர்களிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன். ஒருவர் எடுப்பதால் மற்றவருக்குக் குறையாத பண்டம் என்று ஒரு பாடம் உண்டு. அந்த மூன்று வருஷமும் அதை மிகுந்த ஈடுபாட்டோடு நடத்தினேன்.

சட்டத்தையும் பார்த்தேன். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்கிறது. பூட்டாமல் விட்டதே அனுமதிதான் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி, நானே நீதிபதியாகத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். எதிர்த் தரப்பை மட்டும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. எதிர்த் தரப்பு இருபதடி தூரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், "ஏண்ணே, வைஃபைக்குப் பாஸ்வேர்டு போடலையா? யாராச்சும் எடுத்துக்கிருவாகளே."

"இந்த வீட்டுல பதினோரு பங்கு. முன்னால ஒருத்தர் மேல்வீட்டு ரூமுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாரு. எம் பங்கப் பிடிக்கப் பாக்குறான்னு இன்னொருத்தர் கோர்ட்டுக்குப் போனாரு. பூட்டு துருப்பிடிச்சு விழுந்துருச்சு, கேசு இன்னும் விழலை. நான் இதுக்குப் போயிப் பூட்டுப் போட்டா, பங்காளிக சும்மா இருப்பாகளா?"

அதோடு விடாமல் நீங்களும் ஒன்று கேட்டீர்கள். "கிணத்தடியில உக்காந்தாத்தான் எழுத்து வருதாக்கும்?"

"குளிர்ச்சியா இருக்குண்ணே."

"இருக்கும், இருக்கும்."

அந்தக் கிணற்றடியில்தான் ஒரு கேலியையும் எழுதினேன். தெருமுனை ஊருணியைத் தூர்வாரியதாக ஒருவர் தன் படத்தைப் போட்டுப் பெரிய பேனர் வைத்திருந்தார். தூர் அப்படியே இருந்தது. நான் ஊருணிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி தயாரித்து, துயரில் வாடும் குடும்பத்தார் வரிசையில் அவரை முதலில் நிறுத்தி, பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து இணையத்தில் போட்டேன். ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் உங்கள் பங்காளிகளில் ஒருவர் என்பது எனக்குத் தெரியும். அது உங்கள் இணைப்பு வழியாகப் போகிறது என்பது மட்டும், இத்தனை படித்தவனுக்கு, உறைக்கவில்லை.

அவர் புகார் கொடுத்து, சில வாரம் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து உங்களுக்குப் போன் வந்தது. "எனக்கு அங்குட்டெல்லாம் போயிப் பேச வராது. துணைக்கு வாரீகளா?" என்று என்னிடம்தான் கேட்டீர்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தேன்.

சப் இன்ஸ்பெக்டர் அந்த அஞ்சலியை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தார். மூலையில் நின்ற ஒரு போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அந்த நொடி எனக்குள் வந்தது பயமில்லை அண்ணே, பெருமை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

"இத நீங்கதான் எழுதினீங்களா?"

"எனக்கு எழுத வராதுங்கய்யா. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல முப்பது வருசம் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

"அப்ப உங்க வைஃபையை வேற யாரு யூஸ் பண்றாங்க?"

"பூட்டலையே. வாரவுக, போறவுக எல்லாருக்கும் அனுமதிதான்."

நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னீர்கள். மூன்று வருஷமாக நான் கேட்காத அனுமதி இப்படி ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துக் கிடைத்தது.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள் என்றார்கள். பேப்பரை என்னிடம் நீட்டினீர்கள். "நீங்க எழுதுங்க. உங்களுக்குத்தான் வரும்." எழுதினேன். என் கேலிக்கு, உங்கள் பெயரில், மன்னிப்பு. நடுவே ஒரு வாக்கியம் நன்றாக வந்து விழுந்தபோது அதை இன்னொரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். நீங்கள் வாங்கி நிதானமாக வாசித்தீர்கள். 'நான் எழுதிய' என்ற இடத்தை அடித்து, 'என் வீட்டு இணைப்பிலிருந்து வந்த' என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

திரும்பி நடந்து வரும்போது, "அந்த அஞ்சலி நல்லாத்தான் இருந்துச்சு. கடைசி வரிதான் கொஞ்சம் சாஸ்தி," என்றீர்கள்.

"யாரு எழுதினாகளோ," என்றேன்.

நீங்கள் செருப்பில் ஒட்டியிருந்த தாரை ஒரு கல்லில் தேய்த்துவிட்டு நடந்தீர்கள்.

மறுநாளே நான் சொந்த இணைப்பு வாங்கினேன். நேர்மை என்று நினைத்துத்தான் வாங்கினேன். தடயத்தை அழிப்பதற்கும் இதே படிவத்தைத்தான் பூர்த்தி செய்ய வேண்டியிருக்கும்.

கடிதத்தின் படம் பங்காளிகள் எல்லோருடைய போனுக்கும் போனது. அடித்துத் திருத்திய இடத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்? கையெழுத்தைத்தான் பார்த்தார்கள். பொங்கலுக்கு எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிட்டபோது உங்களுக்கு இரண்டு பக்கமும் இலை காலியாக இருந்ததாம். ஆச்சி சொன்னார். நான் "அடடா" என்றேன். ஸ்டேஷனுக்குப் போய்வந்த எட்டாம் மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, மத்தியானம் பெட்டியைப் பூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"பங்காளிக தெவசத்துக்கு வந்தாலும் அந்த லெட்டரப் பத்தித்தான் பேசுவாக," என்றார். "சொந்தப் பங்காளியவே ஊர் சிரிக்க எழுதிப்புட்டு மன்னிப்புக் கேட்ட மனுசன்னுதான் அவுகளுக்குப் பேரு."

கிளம்பியவன் நின்றேன். "ஆச்சி, அத எழுதினது நான்தான்."

கீரை உருவும் கை நிற்கவில்லை. "தெரியும். அவுகளுக்கும் தெரியும். நீங்களா வந்து சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தாக."

ஆச்சி அடுத்த கொத்தை எடுத்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? வெள்ளிக்கிழமை பதினோரு பங்கும் வருது. பத்து மணிக்கெல்லாம் வந்துருங்க. சாப்பிட்டுட்டுச் சொல்றேன்னு உக்காந்துறாதீக."

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த எட்டு மாதத்தைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தினம் காலையில் நான் தண்ணீர் இறைக்கும்போது கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று, "அப்புறம்?" என்பீர்கள். பேச்சு எடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஒருநாள் வெயிலைப் பற்றிச் சொன்னேன். ஒருநாள் சாக்கடை வேலை முடியாததைச் சொன்னேன். தேர்வுத்தாள் திருத்தும் தொல்லையை மட்டும் ஒரு வாரம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொஞ்சம் நின்றுவிட்டு, உள்ளே போவீர்கள்.

இன்று புதன்கிழமை. பங்காளிகள் முன் சொல்ல வேண்டியதை ஐந்து தடவை எழுதிப் பார்த்தேன். ஐந்தும் படிக்க நன்றாக இருந்தன. அதனாலேயே கிழித்துப் போட்டேன். ஆறாவது எழுதப்போவதில்லை. பேப்பர் இல்லாமல் வருகிறேன் அண்ணே. நடுவில் நான் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "அப்புறம்?" என்று ஒரு தடவை கேளுங்கள்.