நகர்ந்த நிலம்

1972 ஜூலை 14, வெள்ளி

இன்று சாயங்காலம் நங்கநல்லூர் போய் ராமலிங்கத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மயிலாப்பூரில் ஒரே பள்ளியில் இருவரும் பூகோள ஆசிரியர்கள். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒட்டியிருந்து விலகியவை என்று அவர் சொன்னபோது, எல்லோர் எதிரிலும் "நிலம் என்ன ரயிலா, நகர்ந்து போறதுக்கு?" என்று கேலி செய்தேன். அந்த வருடமே அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். கடிதம் போடக் கூசினேன். பிறகு யாரோடும் நெருங்கிப் பழகவில்லை.

போன வாரம் நூலகத்தில் படித்த புதுப் புத்தகம் அவர் சொன்னதையே சொல்கிறது. கடலடித் தரை நடுவில் பிளக்கிறது. உள்ளிருந்து எழும் பாறைக்குழம்பு இறுகிப் புதுத் தரையாகிறது. இரு பக்கக் கண்டங்களும் மெல்ல விலகுகின்றன.

"நீங்க சொன்னதுதான் சரி சார். அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றேன்.

அவர் யோசித்தார். "என்னிக்கு சார்? எனக்கு ஞாபகமே இல்லையே. இங்க மனை மலிவா கிடைச்சுது, பக்கத்து ஸ்கூலா பார்த்து மாறிட்டேன். அவ்வளவுதான்."

காபி கொடுத்தார். பஸ் நிறுத்தம் வரை வந்தார்.

அவர் கோபமாகவே இருந்திருந்தால் தேவலை. இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது என்னை நினைத்திருப்பார்.