விரிப்பின் மறுமுனை

ஜூன் 3

சலவை நிலைய மேலாளராக எனக்கு இது இரண்டாவது மாதம். மடிப்புப் பிரிவில் இன்று முதல் தனிக்கணக்கு: யார் எத்தனை விரிப்பு மடித்தார் என்று பலகையில் ஏறும். இதுவரை கை காலியானவர் பக்கத்து மேசைக்கு உதவப் போவது வழக்கம். யார் உழைக்கிறார், யார் ஊர்க்கதை பேசுகிறார் என்று கடவுளுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தாக வேண்டும். நிர்வாகம் பற்றி மூன்று நூல்கள் படித்தவன் நான்.

மூத்தவர், எல்லாருக்கும் அக்கா, பழக்கதோஷத்தில் அடுத்த மேசையில் நின்றார். எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்: “உங்க எடம் எது?” தன் மேசைக்குத் திரும்பிப் போனார். அதிகாரம் இவ்வளவு எளிதா?

ஜூன் 9

சிரிப்புச் சத்தம் இல்லை. ஒழுங்கு.

ஜூன் 12

ஹோட்டலிலிருந்து பெரிய விரிப்புகள் மூட்டையாகத் திரும்பி வந்தன. ஓரமெல்லாம் தரை அழுக்கு. இன்னொரு முறை இப்படியானால் ஒப்பந்தம் கிடையாதாம். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருவரே மடித்தால் மறுமுனை தரையைப் பெருக்காமல் என்ன செய்யும்?

“ரெண்டு பேரா புடிக்க வேண்டியதுதானே?”

“புடிக்கலாம் சார். யார் பேர்ல எழுதுவீங்க?” என்றார் அக்கா. கிண்டல் இல்லை, சந்தேகம்தான் கேட்டார். அதுதான் சுட்டது.

ஜூன் 13

மனைவியிடம் சொன்னேன். “வீட்டுல என்னைக்காவது ஒரு முனையப் புடிச்சிருக்கீங்களா?” என்றாள். சொல்லியிருக்கவே கூடாது.

ஜூன் 16

பலகையைக் கழற்றினேன். “இனிமே பழையபடி ஒருத்தருக்கொருத்தர் உதவலாம்” என்று அறிவித்தேன். உதவிக்கு உத்தரவு போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். யாரும் அசையவில்லை. “மீட்டர் ரிப்பேர் போல” என்றாள் ஒருத்தி. என் பட்டப்பெயர் மீட்டர் என்று இன்றுதான் தெரிந்தது. யாரை நொந்துகொள்ள? அக்காவைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே அன்னைக்கு — அத்தனை பேர் முன்னாடியா —

ஜூன் 18

அத்தனை பேர் முன்னாலேயே அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். நாலு வாக்கியம் தயாரித்துப் போனதில் ஒன்றரைதான் வந்தது. “பரவால்ல சார்” என்று மடிப்பதைத் தொடர்ந்தார்.

மீட்டர் என்றவள்தான் ஒரு விரிப்பை உதறி, “சும்மா நிக்காம அந்தப் பக்கம் புடிங்க சார்” என்றாள். பிடித்தேன். “தேரா இழுக்கிறீங்க?” என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். காது சூடேறியது. முனையை விடவில்லை.

ஜூன் 27

ஹோட்டல் மூட்டை சுத்தமாகப் போனது. கேட்காமலேயே இஸ்திரிப் பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்து கைகொடுத்தார்கள். அக்கா மட்டும் வரவில்லை. தன் பங்கைக் குறையில்லாமல் முடித்துவிட்டுத் தன் மேசையருகே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டிருந்தால் உத்தரவு என்று வந்திருப்பார். அதனால்தான் கூப்பிடவில்லை.