சத்தத்துக்குப் பின் ஒரு மிஸ்டு கால்

அம்மா,

பீரோவின் கீழறையைத் திறந்ததும் கந்தக வாசனை முகத்தில் அடித்தது. நீ வேலைக்கு உடுத்திப் போன பருத்திச் சேலை. எத்தனை முறை துவைத்தும் வாசனை போகவில்லை. மடிப்புகளில் அலுமினியத் தூளின் சாம்பல் மினுக்கமும் போகவில்லை. அதற்குள் சுற்றி வைத்திருந்த உன் பட்டன் போனை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். உயிர் இல்லை. பேட்டரி என்றோ உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. சிம்மும் உள்ளேயே கிடந்தது.

இன்று மத்தியானம் அந்த எண்ணிலிருந்துதான் எனக்கு அழைப்பு வந்தது. உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

நான் மதுரையில் ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு நினைவிருக்கிறதா? பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் நீ உள்ளே போவாய். சுற்றுவட்டாரத்தில் எங்கே வெடித்தாலும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வருவீர்கள். அவரவர் போனை வாங்கி வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால். ஒரு தடவை அடித்து நின்றால் நீ இருக்கிறாய் என்று பொருள். நான் எடுக்கக் கூடாது. போன் இல்லாத அடுத்தவள், தன் வீட்டுக்கும் ஒன்று அடிக்க, உன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வகுப்பில் மடிமேல் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கும். எங்கோ வெடித்திருக்கிறது, நீ இருக்கிறாய். மறுபடி பாடத்தைக் கவனிப்பேன். கூடப் படித்தவர்களிடம் இதைச் சொன்னபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அதைத் தவிர வேறு எதற்கும் நீ போன் போட்டதில்லை. பஸ் பாஸைத் தொலைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டு அழுதேன். "ஏட்டி, எனக்கு மதுரை தெரியுமா? நீதான அங்கன இருக்க. யார்ட்டக் கேக்கணுமோ கேட்டு முடிச்சிட்டு எனக்கும் சொல்லு, நானும் தெரிஞ்சுக்கிடுதேன்" என்றாய். மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால், "எனக்குந்தான் என் சமையல் பிடிக்கல. நான் யார்ட்டப் போயி அழ?"

ஒரு நாள் கோபம் பொறுக்காமல், "எனக்கு என்ன ஆனாலும் நீயா போன் போட மாட்ட, அப்படித்தான?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு நீ சிரிக்கவில்லை.

"கம்பெனில ரூமெல்லாம் எதுக்குத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்காக? ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கணும்னுதான். ஒட்டிக் கட்டுனா பாக்க நல்லாத்தான் இருக்கும். போனா மொத்தமாப் போயிரும், தாயி."

நீ வெடியில் போகவில்லை. மழைக்குக் கம்பெனி மூடியிருந்த ஒரு நாளில், தூக்கத்திலேயே போனாய். எழுப்பப் போன தங்கச்சி பவிதான் முதலில் பார்த்தாள். சத்தமே இல்லை. அதனால் மிஸ்டு காலும் இல்லை. அதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பது எனக்கே இன்றுதான் தெரிந்தது.

பவி இப்போது அதே மதுரையில், ஹாஸ்டலில், கடைசி வருடம். நான் சாத்தூரில், கையில் பாப்பாவோடு. சாப்பிட்டாயா, பஸ் ஏறினாயா, பக்கத்தில் யார் என்று நாளெல்லாம் அவளைக் கூப்பிடுகிறேன். எடுக்காவிட்டால் அறைத்தோழியை; அவளும் எடுக்காவிட்டால் வார்டனை. ஓசூரில் ஒரு கம்பெனியில் பயிற்சி கிடைத்திருக்கிறது. தனியாகப் போய்த் தங்க வேண்டும். இன்று மாலைக்குள் அவள் சம்மதம் சொல்லியாக வேண்டியிருந்தது. நான் கூடாது என்றுவிட்டேன்.

"பேசாம படிப்ப விட்டுட்டு அங்கயே வந்துருதேன்க்கா. பாப்பா தொட்டிலுக்குப் பக்கத்துல எனக்கும் ஒண்ணு போடு. ரெண்டு பேரையும் ஆட்டிக்கிட்டே இரு." நேற்று இப்படிச் சொல்லிவிட்டு வைத்தவள்தான்.

இன்று மத்தியானம் அந்தச் சத்தம். ஜன்னல் கண்ணாடி நடுங்கி நின்றது. தெருவே வெளியே வந்துவிட்டது.

"எந்தப் பக்கம் மதினி?" என்று ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"தெக்கதான் தெரியுது. பொகை வெள்ளையா இருக்கு. சோத்து நேரந்தான, ஆளுக வெளிய வந்திருப்பாக."

அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது; யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் கை தானாகப் பவியின் எண்ணைத் தேடியது. வெடித்தது இங்கே, அவள் இருப்பது மதுரையில். ஆனாலும் தேடியது. அழுத்துவதற்குள் போன் அடித்தது. ஒரே ஒரு தடவை. திரையில் 'அம்மா' என்று வந்தது. நின்றது.

தொட்டிலில் பாப்பா விழித்திருந்தாள். அவ்வளவு சத்தத்துக்கும் அழவில்லை. என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல்முறையாக நம் ஏற்பாட்டை மீறி உன்னைத் திருப்பிக் கூப்பிட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். அதன் பிறகுதான் பீரோவைத் திறந்தேன். உன் சேலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பவியைக் கூப்பிடக் கை போகும்போதெல்லாம் வாசனை கூடியது. பக்கத்தில் நீ உட்கார்ந்து என் கையையே பார்ப்பதுபோல் இருந்தது. கூப்பிடவில்லை.

மாலையில் அவளே கூப்பிட்டாள். "என்னக்கா, காலைலருந்து ஒரு போனும் இல்ல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஓசூருக்கு வாரேன்னு சொல்லிட்டியா?"

"நீதான வேண்டாம்ன?"

"சொல்லிரு. தங்குத எடத்த நீயே பாரு, பஸ்ஸையும் நீயே பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு, நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

"அம்மா மாதிரியே பேசுத" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அக்கா, மத்தியானம் லேப்ல இருந்தேன். அம்மா நம்பர்லருந்து ஒரு தடவ அடிச்சு நின்னுச்சு. நான் எடுக்கல."

தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அந்த நம்பர வேற யாருக்காவது குடுத்திருப்பாக."

"இருக்கும்" என்றாள்.

கட்டிலோடு ஒட்டிப் போட்டிருந்த தொட்டிலைச் சற்றுமுன் கைக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளிப் போட்டேன். பாப்பா ஒருமுறை சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனாள். உன் போனைப் பழையபடி சேலைக்குள் சுற்றி வைத்துவிட்டேன். விரல் நுனிகளில் சாம்பல் மினுக்கம் ஒட்டியிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை, இருக்கட்டும்.

இனி உன்னைத் திருப்பிக் கூப்பிட மாட்டேன். அடித்தால் எடுக்கவும் மாட்டேன். சத்தம் கேட்கும்போது நீ ஒரு மிஸ்டு கால் கொடு, அம்மா. எனக்குக் கொடுக்காவிட்டாலும், பவிக்குக் கொடு.