சேவியருக்கு ஒரு ஜெனரேட்டர்

மே 3, சனி

காலையிலிருந்து புழுக்கம். எங்கள் பத்துபஸ்தியில் கரண்ட் போவதும் வருவதுமாக. போகும்போதெல்லாம் இவருடைய ஆக்சிஜன் மெஷின் கீச்சென்று கத்தும். இனி ஜெனரேட்டர் வாங்கியே ஆக வேண்டும். இதுவரை தள்ளிப்போட்டது நான்தான். அது வந்துவிட்டால் இவரை வீட்டில் பிடித்து வைக்க முடியாது.

இங்கிருந்து கப்பலில் போகிற லாங் ஐலண்ட் தீவில் கொழுந்தன் அந்தோணி புது டோங்கி கட்டி முடித்துவிட்டான். அடுத்த ஞாயிறு சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிப் படகை மந்திரிக்கிறார். முந்தின ராத்திரி வீட்டு ஆண்கள் படகுக்குப் பக்கத்திலேயே மணலில் டென்ட் போட்டுப் படுக்க வேண்டுமாம்.

"மூத்தவன் நான். நான் படுக்காம வேற யாரு படுப்பா?"

டாக்டர் சொன்னது: ராத்திரி முழுக்க மெஷின் ஓடினால் போகலாம். மணலில் எந்த ப்ளக்கில் சொருகுவது?

மே 5, திங்கள்

அபர்தீன் பஜார். இரண்டு பார்த்தோம். பெரியது: ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் ஓடும், புயல் காலத்துக்கு நல்லது. சத்தம் அதிகம், தூக்க இரண்டு ஆள். சின்னது: இன்வெர்ட்டர் வகை, ஒரு கையால் தூக்கலாம், விலை கேட்டால் மயக்கம் வரும்.

நான் பெரியதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு அதுதான் சரி என்று வாதாடினேன். கடற்கரைக்குத் தூக்கிப் போக முடியாது என்பதுதான் உள்ளுக்குள் கணக்கு.

வங்காளிக் கடைக்காரர் கெடுத்தார். "ஆக்சிஜன் மெஷினா? அப்ப சோட்டா வாலா லே லோ, தாதா. பெரிசுல கரண்ட் ஏறி இறங்கும், மெஷின் போயிடும்."

சின்னது வாங்கியாயிற்று. இவர் வழியெல்லாம் சீட்டியடித்தார். மூச்சு எங்கிருந்துதான் வந்ததோ.

மே 7, புதன்

தூறல். நான் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்ரோல் ஊற்றி ஓட்டிவிட்டார். பின்வாசல் ஷெட்டில். புகை முழுக்க வீட்டுக்குள். இருமி இருமி இவர் கண் சிவந்துபோனது. கத்தினேன். பிறகு நானே நீள ஒயர் போட்டு வேலி ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"ஓட்டிப் பாக்காம அங்க போய் முழிக்கவா?" நியாயம்தான்.

சாயங்காலம்வரை ஓடியது. மெஷின் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. எனக்குச் சாக்கு தீர்ந்துபோனது. பயமாக இருக்கிறது.

எடுக்க: தார்ப்பாய், கொசுவர்த்தி, மாத்திரை, இன்னொரு மூக்குக்குழாய்.

மே 9, வெள்ளி

கப்பல் ஏறும் ஜெட்டியில் நிறுத்திவிட்டார்கள். கப்பலில் பெட்ரோல் ஏற்றக்கூடாது, இங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் டேங்கைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் வைத்து எடுத்துப் போனோம். ஊழியர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"பெட்ரோல் டாலா ஹை. நயா ஹோதா தோ சல்தா."

ஓட்டாத புதுசாக இருந்திருந்தால் ஏற்றியிருப்பாராம். ஓட்டிப் பார்த்ததுதான் வினை.

கப்பல் போய்விட்டது. இவர் ஜெனரேட்டர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு வாரமாக மாதாவிடம் நான் கேட்டது இதைத்தான். நடந்தபோது இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானே அந்தோணிக்குப் போன் போட்டேன்.

"ரோடு வழியா யெரட்டா ஜெட்டிக்கு வந்துருங்க மைனி. அங்க வந்து நான் கூட்டிட்டுப் போறேன்."

"எதுல? பழைய படகத்தான் வித்துட்டியே தம்பி. சர்வீஸ் போட்லயும் இத ஏத்த மாட்டாங்க."

"நீங்க வாங்க மைனி. நான் பாத்துக்கிடுதேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்வான்? புதுப்படகை மந்திரிக்குமுன் கடலில் இறக்க மாட்டார்கள். அண்ணன் தம்பி இருவருமே அதில் பிடிவாதம். யாரிடமாவது இரவல் கேட்பான் போல.

மே 10, சனி

யெரட்டா ஜெட்டி. மேகம் கட்டி நிற்கிறது. விடியுமுன் ஜீப், காட்டுக்குள் வண்டிகளை வரிசையாக விடும் கான்வாய், பாராடாங்கில் வண்டியோடு ஃபெர்ரி. மேடு பள்ளத்தில் இவர் உதடு நீலம் பாரித்துவிட்டது. திரும்பிவிடலாம் என்றேன். தலையை ஆட்டினார், பேச மூச்சில்லை. ரங்கத் பங்கில் பெட்ரோல். இறங்கியதும் ஜெனரேட்டரைப் போட்டு, இவரைத் தள்ளி உட்கார வைத்து, மெஷினை மாட்டினேன். இப்போது பரவாயில்லை. காத்திருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

ஒரு டோங்கி வருகிறது. பளபளவென்று பச்சை பெயின்ட். மாலை இல்லை, பெயர்கூட இன்னும் எழுதவில்லை. அந்தோணி மட்டும் நிற்கிறான்.

இவர் எழுந்துவிட்டார். "லேய், மந்திரிக்காம ஏம்ல எறக்குன?"

"சாமியார் நாளைக்குத்தான வருவாரு. நீ இன்னைக்கே வரணும்லா."

இவர் மூக்குக்குழாயைக் கழற்றிச் சுருட்டுகிறார். நான் போய் ஜெனரேட்டரை அணைக்க வேண்டும்.